தாஜுன்னிசா வைத்துவிட்டுப் போன மூன்று மில்லிகிராம்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே முக்கால். தாராபுரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. ஆய்வகம் முழுக்க அமோனியா நெடி. அலுவலக உதவியாளர் மயில்சாமி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், கோயமுத்தூர்லருந்து உங்களுக்குப் போனுங்க. சாஜித்துன்னு சொல்றாருங்க. லைன்லயே இருக்காருங்க.”

சாஜித், தாஜுன்னிசாவின் தம்பி. அவன் எனக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை. படி இறங்கும்போதே மனதுக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அக்காவுக்கு ஏதோ புத்தகம் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

“கீதாக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க,” என்றான். “ஸ்கூலுக்குக் கெளம்பி, செருப்பு மாட்டக் குனிஞ்சாங்க. அவ்வளவுதான். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு எடுக்கறோம். வந்துருங்க.”

1999 செப்டம்பர், ஒரு புதன்கிழமை. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பல்லடம், சூலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கை மட்டும் அமோனியா நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. கோட்டைமேட்டில் அவள் வீட்டில் பெண்களோடு போய் உட்கார்ந்தபோது, அவள் அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அவ கையும் இப்படித்தானே இருக்கும்,” என்றார். அப்போதுதான் அழுதேன்.

அவள் பெயர் பத்திரிகையில் வந்ததில்லை. போத்தனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தினாள். அதற்கு முன்னால் ஐந்து வருடம் எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தாள். அந்த ஐந்து வருடமும் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. எங்கள் ஆய்வகமோ மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று நோட்டீஸ் போர்டைப் படிப்பது போல மூச்சு வாங்கிக்கொள்வாள். அங்கே எப்போதோ ஒட்டிய ஹாஸ்டல் மெஸ் டெண்டர் அறிவிப்பு ஒன்று கிழிக்கப்படாமலே கிடந்தது.

“இன்னைக்கு என்ன புதுசா போட்டிருக்கான்?” என்று கேட்பேன்.

“துவரம்பருப்பு இருநூறு கிலோங்க அம்மணி. நேத்தும் இருநூறுதான். பாவம், இன்னும் யாரும் தரலை போல.”

அவள் செய்துகொண்டிருந்த பொருளைப் பற்றி எளிதாகச் சொல்லப் பார்க்கிறேன். நம் செல்கள் ஒவ்வொன்றிலும் நியூக்ளியோசைடு என்ற சிறிய மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு சர்க்கரைத் துண்டு, அதன் தோளில் உட்கார்ந்திருக்கும் நைட்ரஜன் வளையம், இரண்டும் சேர்ந்தால் ஒரு நியூக்ளியோசைடு. அந்தச் சர்க்கரையில் குறிப்பிட்ட ஓரிடத்தில், மேற்பக்கமாக, ஒரு ஃப்ளோரின் அணுவை மாட்டிவிட்டால் உருவம் பெரிதாக மாறாது, குணம் மாறிவிடும். செல்லில் வேலை செய்யும் என்சைம் அதைத் தன் வழக்கமான ஆள் என்று நம்பி உள்ளே விடும். விட்ட பிறகு மாட்டிக்கொண்டு முழிக்கும். சில வைரஸ் மருந்துகளும் புற்றுநோய் மருந்துகளும் இந்த ஏமாற்று வேலையைத்தான் செய்கின்றன. தாஜ் செய்ய நினைத்த பொருள் அடினோசின் டீஅமினேஸ் என்ற என்சைமை அப்படி முழிக்கவைக்குமா என்பதுதான் கேள்வி.

அவள் அம்மாவுக்கு அவள் சொன்ன விளக்கம் இதைவிட நன்றாக இருந்தது.

“உக்கடம் பஸ்ல படியில ஒருத்தன் நிப்பான் பாரும்மா. உள்ளேயும் போகமாட்டான், எறங்கவும் மாட்டான். அவனால வேற யாரும் ஏற முடியாது. அந்த ஆளைத்தான் நான் செஞ்சுட்டிருக்கேன்.”

“அந்த மாதிரி ஆளை எதுக்குடீ செய்யறே? இருக்கறவனுங்க பத்தாதா?” என்றார் அம்மா.

ஃப்ளோரினை ஏற்றும் மருந்து ஆரஞ்சு நிறத் திரவம். ஈரம் பட்டால் கெட்டுவிடும். கெட்டுப்போகும்போது வரும் புகை கண்ணாடியையே அரிக்கும். அதனால் பாலித்தீன் பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் வைத்திருப்போம். கோயமுத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். முதல் வருடம் ஆடியில் செய்து பார்த்து, இரண்டு பாட்டில் மருந்தை வீணாக்கினாள். அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியில் கோபால்ட் தாள் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். காற்று காய்ந்திருந்தால் அது நீலமாக இருக்கும், ஈரம் இருந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

“தாள் வெக்கப்படுது. இன்னைக்கு ஃப்ளோரின் லீவு,” என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போவாள்.

ஆக, மாசியும் பங்குனியும் மட்டும்தான் அவளுக்கு ஃப்ளோரின் மாதங்கள். மூன்று மாசி போனது. சர்க்கரையில் ஃப்ளோரின் ஏறினாலும், அதைத் தோளில் ஏறும் வளையத்தோடு சேர்க்கும்போது இரண்டு வடிவம் பிறக்கும். வளையம் மேலே பார்த்து உட்கார்ந்தது நமக்கு வேண்டியது, கீழே பார்த்தது வேண்டாதது. வேண்டாததுதான் எப்போதும் அதிகமாக வரும். அவளுடைய நோட்டில் அளவுகள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், திட்டுகள் எல்லாம் தமிழில் இருக்கும். “மறுபடியும் கீழே பார்க்குது சனியன்” என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்ததை எங்கள் கைடு சீனிவாசலு சார் படித்துவிட்டுப் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

1995 மாசியில் பொருள் கிடைத்தது. சுத்தம் செய்து, நிறமாலை எடுத்து, அமிலத்தில் போட்டுப் பார்த்து எல்லாம் முடிந்தபோது பன்னிரண்டு மில்லிகிராம் மிச்சம். உப்புக்கல் ஒன்றிரண்டு அளவு வெள்ளைத் தூள். சாதாரண நியூக்ளியோசைடு அமிலத்தில் சீக்கிரம் இரண்டாகப் பிரிந்துவிடும். இவளுடையது பிரியவே இல்லை. சர்க்கரையும் வளையமும் சேரும் இணைப்பை ஃப்ளோரின் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அன்று அவள் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, “எனக்கு வால்வுல ஒரு ஃப்ளோரின் மாட்டினா தேவலை,” என்றாள்.

இனி என்சைம் சோதனை. சார் எங்கள் எல்லோர் எதிரிலும் சொல்லியிருந்தார்: பொருள் என்சைமை நிறுத்தினால், ஹைதராபாத்தில் தன் நண்பருடைய ஆய்வகத்தில் தாஜுக்கு இரண்டு வருட வேலை நிச்சயம். நிறுத்தாவிட்டால் ஜூலையோடு உதவித்தொகை முடிகிறது, பிறகு அவள் பாடு. அவள் ஹைதராபாத் வரைபடம் ஒன்றை வாங்கி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கிய என்சைம் இரண்டு முறையும் ஐஸ் உருகி, செத்துத்தான் வந்து சேர்ந்தது. ஆட்டு மண்ணீரலில் அந்த என்சைம் நிறைய உண்டு. கறிக்கடையில் அதைச் சுவரொட்டி என்பார்கள். தாஜின் தாய்மாமன் அப்துல் நாசருக்கு உக்கடத்தில் கறிக்கடை. எங்களில் வேறு யாருக்கும் கிடைக்காத வசதி அவளுக்கு இருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஆறு மணிக்குப் போய், சூடு ஆறாத சுவரொட்டியை ஐஸ் போட்ட தெர்மாஸில் வாங்கிக்கொண்டு வருவாள். தன் சர்க்கரை தயாராகும் முன்பே என்சைமைப் பிரித்தெடுத்துக் கை பழகிக்கொண்டாள். சுவரொட்டியை அரைத்து, துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் சுற்றி எடுத்தால் என்சைம் கரைசல்.

ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே அன்றைய சுவரொட்டியை முதலில் வெறுமனே, அவளுடைய பொருளைச் சேர்க்காமல், நிறமாலைக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை நாங்கள் ‘ப்ளெயின்’ என்போம். என்சைம் வேலை செய்தால் கருவி போடும் வரைபடத்தில் கோடு சரியும். பிறகு அவளுடைய பொருளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். பொருள் என்சைமை நிறுத்தினால் கோடு சரியாமல் படுத்துக்கிடக்கும்.

பங்குனியில் அந்த முதல் சோதனைக்கு முந்தின நாள் தாஜுக்கு மூச்சு முட்டி, டாக்டர் ஒரு வாரம் படுக்கச் சொல்லிவிட்டார். “நீயே ஓட்டிடு கீதா. ஹைதராபாத் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்,” என்று சொல்லி அனுப்பினாள். வியாழன் காலை சாஜித் தெர்மாஸோடு வந்தான். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைக்க மாட்டோம். சுவரொட்டி பச்சையாக எப்படி இருக்கும் என்று நான் கவனித்துப் பார்த்ததே கிடையாது. அவள் அரைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பேன். அன்றும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அரைத்தேன். வடிகட்டிய துணி மஞ்சளாக இருந்தது. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். மணி ஒன்பதேகால். ப்ளெயின் ஓட்டினால் மற்றதற்கு நேரம் போதாது. தாஜின் நோட்டில் போன வாரத்து ப்ளெயின் இருந்தது, அழகாகச் சரிந்த கோடு. அதையே வைத்துக்கொண்டு, அவளுடைய பொருளைச் சேர்த்து ஓட்டினேன். மூன்று மில்லிகிராம் செலவு.

கோடு படுத்துவிட்டது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து ஆய்வகத்தில் ஒருவர் பிப்பெட்டை உடைத்துவிட்டார். சீனிவாசலு சார் வரைபடத்தைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். துறை முழுவதற்கும் மெதுவடை வரவழைத்தார். அன்று மாலையே சுருக்கத்தை எழுதி ஹைதராபாத்துக்குத் தபாலில் சேர்த்தார்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நான் கோட்டைமேட்டுக்கு ஓடினேன். தாஜ் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். வரைபடத்தை மடியில் விரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள்.

“ப்ளெயின் எப்படி வந்துச்சு?”

“போன வாரத்து உன்னோடதையே வெச்சுட்டேன் தாஜ். கரண்ட் போயிரும்னு…”

அவள் ஒன்றும் சொல்லுமுன் அப்துல் நாசர் மாமு ஆட்டுக்கால் சூப்போடு உள்ளே வந்தார். பருத்த மனிதர். வெள்ளைப் பனியன், கைலி. மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்க அம்மணி. மூணு வருசமா வாரம் தவறாம சுவரொட்டி தின்னுட்டு வாரா. ரத்தம் ஊறியிருக்குதா பாருங்க! காலேஜ்ல சமைக்கத் தெரியாம சமைக்கறாங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகமுங்க.”

நான் தாஜைப் பார்த்தேன். தாஜ் சுவரைப் பார்த்தாள்.

“அதான் இந்த வாரம் நானே சுத்தம் பண்ணிக் குடுத்தேன்,” என்றார் மாமு. “வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி, தோலை உரிச்சு, மஞ்சளும் உப்பும் தடவி, வாடையே இல்லாம. காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிக் குடுத்துடுடான்னு சாஜித்துகிட்ட சொன்னேன். ஏன் கண்ணு, அங்கதானே எல்லாருமாச் சமைச்சுத் தின்னறீங்க? எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சாம் மாமு,” என்றாள் தாஜ். “கீதாவே சொன்னா.”

மாமு மகிழ்ந்து போனார். அவர் வெளியே போனதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெந்நீரில் முக்கினால் என்சைம் வெந்துவிடும். அரை உயிரோடு கிடந்த என்சைமைத்தான் நான் ஓட்டியிருக்கிறேன். போன வாரத்துக் கோட்டோடு ஒப்பிட்டால் அது படுத்துத்தான் கிடக்கும், எந்தப் பொருளைச் சேர்த்தாலும், சேர்க்காவிட்டாலும். அவ்வளவு நல்ல சாப்பாட்டுப் பொருளை அரைத்துச் சாக்கடையில் ஊற்றுகிறோம் என்று தெரிந்தால் மாமு மனம் நோகும் என்று தாஜ் மூன்று வருடம் அவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இதற்கு அடுத்து நான் சொன்னதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

“மறுபடி ஓட்டினாலும் இப்படியே வரலாம் தாஜ். அதுவரைக்கும் சார்கிட்ட சொல்ல வேண்டாமே. யாருக்குத் தெரியப்போகுது?”

“வரலாம். வந்தா சந்தோசம். ஆனா இந்தக் கோடு எங்க மாமுவோட வெந்நீர், அம்மணி. என்னோட ஃப்ளோரின் இல்லை.” சூப்பை என் பக்கம் நீட்டினாள், பிறகு நான் சாப்பிடமாட்டேன் என்பது நினைவுக்கு வந்து சிரித்தாள். “உன் மூஞ்சி எதுக்கு இப்படிப் போகுது? வெந்தது என்சைம்தானே.”

ஒரு வாரம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது மாடியில் துவரம்பருப்பைப் படிக்க நிற்காமல் நேராக ஏறினாள், அதனால் சார் அறைக்குள் போனதும் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. பிறகு சொன்னாள்.

“ரிசல்ட் தப்புங்க சார். எங்க மாமு பாசத்துல வெந்நீர் ஊத்திட்டாருங்க. பாசத்துக்கு ப்ளெயின் ஓட்ட மறந்துட்டோம்.”

ப்ளெயினை விட்டது யார் என்று சார் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன், என் வாய் திறக்கவில்லை. சார் மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுமுடித்தார்.

“வடை எல்லாம் தின்னாச்சேம்மா,” என்றார் கடைசியில்.

“அதை நான் வாங்கித் தாரேனுங்க சார்.”

அடுத்த வியாழன் அவள் மாமுவிடம் இரண்டு சுவரொட்டி கேட்டாள். காலேஜில் மருந்து செய்ய ஒன்று, கைபடாமல் பச்சையாக. தனக்குத் தின்ன ஒன்று, மஞ்சளோடு. மாமுவுக்குக் கணக்குச் சரியாகப் பட்டது. தின்னும் சுவரொட்டியை அவள் அம்மா மிளகு போட்டு வறுத்துக் கொடுக்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். அவளுக்கு அந்த வாடையே ஆகாது. “மூணு வருசப் பொய்யைத் தின்னு தீர்க்கறேன்,” என்பாள்.

பச்சைச் சுவரொட்டியில் இரண்டு வாரம் இரண்டு சோதனை. இரண்டையும் அவளே அரைத்தாள், ப்ளெயின் முதலில் ஓட்டினாள். தடவைக்கு மூன்று மில்லிகிராம். இரண்டு தடவையும் அவளுடைய பொருளோடு கோடு ப்ளெயினைப் போலவே சரிந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு மயிரிழை தாமதம். படியில் நின்ற ஆள் யாரையும் தடுக்கவில்லை. லேசாக ஒதுங்கி வழிவிட்டுவிட்டான்.

சார் ஹைதராபாத்துக்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். இரண்டு தடவை போதும், ஆய்வேட்டை எழுது என்றார். தாஜ் மூன்றாவது தடவை வேண்டும் என்றாள். இரண்டில் ஒன்று தற்செயலாக இருந்தால், மூன்றாவதுதானே தீர்ப்புச் சொல்லும்? ஆனால் அந்த வாரம் கருவியின் விளக்கு போய்விட்டது. புது விளக்கு வந்தபோது ஜூலை முடிந்து, உதவித்தொகையும் முடிந்து, கோபால்ட் தாள் இளஞ்சிவப்பாகியிருந்தது. அவள் மேசையைக் காலி செய்த அன்று ஹைதராபாத் வரைபடத்தை நான்காக மடித்து, எடை போடும்போது ஆடும் தராசுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வைத்துவிட்டாள். தராசு அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

ஆய்வேட்டில் அமிலத்தைத் தாங்கும் குணத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதினாள். என்சைமுக்கு ஒன்றரைப் பக்கம். ‘குறிப்பிடத்தக்க தடை ஏதுமில்லை’ என்பது அதன் கடைசி வரி. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “நிறுத்தவில்லை என்பதை இவ்வளவு சிரமப்பட்டு நிரூபித்திருக்கிறீர்களே,” என்று கேட்டபோது, “அதுகிட்ட அஞ்சு வருசம் பழகிட்டேனுங்க. அது செய்யாததைச் செஞ்சுதுன்னு சொல்ல மனசு வரலைங்க,” என்றாள்.

பிறகு போத்தனூர்ப் பள்ளி. அங்கேயும் ஆய்வகம் மாடியில்தான். அவளிடம் படித்த ஒரு பெண் என் கல்லூரியில் சேர்ந்தாள், எந்தச் சோதனை கொடுத்தாலும் முதலில், “ப்ளெயின் ஓட்டட்டுங்களா மேடம்?” என்று கேட்பாள். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ‘சரி’ என்பேன்.

மாதம் ஒரு முறை போனில் பேசுவோம். ஒவ்வொரு முறையும் முடிவில் கேட்பாள், “எப்போ வாரே? சார்கிட்ட பேசிட்டேன், கருவியை ஒரு நாள் தாரேன்னுட்டார். மூணாவது தடவை நீதான் அரைக்கோணும். கண்ணைத் தொறந்துட்டு.”

“பரீட்சை முடியட்டும் தாஜ்.” “மாசியில வாரேன்.” “சனிக்கிழமை அட்மிஷன் வேலை இருக்குது.” நான்கு வருடத்தில் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். அந்தச் சுவரொட்டியை மறுபடி கையில் எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை என்பதும் உண்மைதான். அது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாமு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நாளைக்கு வியாழக்கிழமைங்க அம்மணி,” என்றார்.

பத்து நாள் கழித்து எங்கள் பழைய துறைக்குப் போனேன். சீனிவாசலு சார் ஃப்ரீசரைத் திறந்துவிட்டார். மேல்தட்டின் மூலையில், பழைய பிலிம் டப்பா ஒன்றுக்குள், பஞ்சு சுற்றிய குப்பி. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தூள். சுற்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘3.0 மி.கி. மூன்றாவது தடவைக்கு. அரைப்பது கீதா. ப்ளெயின் முதலில்.’

அவளுடைய நோட்டையும் சார் எடுத்துக் காட்டினார். அட்டவணையில் மூன்று பத்தி. முதல் பத்தியிலும் இரண்டாவதிலும் எண்கள் நிரம்பியிருக்கின்றன. மூன்றாவது பத்திக்குத் தலைப்பும் தேதியின் முதல் பாதியும் மட்டும் எழுதியிருக்கிறது.

குப்பியை நான் எடுத்து வரவில்லை, அது அங்கேயே ஃப்ரீசரில்தான் இருக்கிறது. மூன்றாவது தடவை இன்னும் ஓட்டவில்லை.